அகத்தித் தீவில் அரை வாளி தண்ணீர்

ஜனவரியில் மனைவியுடன் சொகுசுக் கப்பலில் லட்சத்தீவு போய் வந்தேன். கப்பலில் நீச்சல் குளமே உண்டு. பவழப் பாறைகளுக்கு வெளியே கப்பல் நிற்க, சிறு படகில் அகத்தித் தீவுக்குப் போனோம். சுமார் 7 கி.மீ. நீளம். தென்னை, வெள்ளை மணல், ஒரே அமைதி.

கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீர் கேட்டேன். ஒரு வீட்டம்மா அரை வாளிதான் தந்தார். அங்கே ஆறு, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்கடியில், உப்புநீர்மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. அதிகம் இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். 2011-ல் நம் சென்னை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்துக் கொடுத்திருக்கிறது.

வங்கியில் இருந்தவன் சொல்கிறேன்: வட்டியை எடுக்கலாம், அசலில் கை வைக்கக் கூடாது. நம் போர்வெல்லுக்கும் அதே கணக்குதான். ஊர் திரும்பியதும், வீட்டில் ஒழுகிய குழாயை மாற்றினேன். உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள்.