அபாயம் என்னும் ஒற்றைச் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பதும் சொல்லாராய்ச்சியே. ஆயினும் இச்சொற்கள் ஏடுகளில் உள்ளவை அல்ல. எண்ணெய் லாரியின் முதுகிலும், புட்டியின்மேல் ஒட்டிய தாளிலும், தொழிற்சாலையின் வேலியிலும் எழுதப்பட்டவை. கொடிய பொருள்களினின்றும் நம்மையும் நம் நீரையும் நிலத்தையும் காப்பதற்கென்று நாட்டில் சட்டங்கள் பல உள்ளன. அச்சட்டங்களெல்லாம் இறுதியில் ஒரு சொல்லாகச் சுருங்கி ஒரு பலகையில் வந்து நிற்கின்றன. அச்சொல் தன் வேலையைச் செய்கிறதா என்பதே நம் கேள்வி.

நாமெல்லாரும் எழுத்துக் கூட்டிப் படித்த முதற் சொற்களுள் ஒன்று 'அபாயம்' என்பதாக இருத்தல் கூடும். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே இச்சொல். இதில் துணைக்கால் ஒன்று உதிர்ந்தால் 'அபயம்' ஆகிவிடும். விலகி ஓடு என்று சொல்ல வேண்டிய பலகை, அஞ்சாதே, அருகில் வா என்று இறைவனின் திருக்கரம்போல் அழைக்கும்! இது வேடிக்கை. வேடிக்கையல்லாத குறை ஒன்று உண்டு. அபாயம் என்பது அஞ்சுக என்று மட்டுமே கூறுகிறது. என்ன செய்க என்று கூறுவதில்லை. பெட்ரோல் அருகில் நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது. திராவகம் உடலில் பட்டால் நீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். நச்சு வாயு பரவினால் காற்றின் போக்குக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும். கதிரியக்கப் பொருளாயின் தொடாது தூர விலகுவதே வழி. நான்கும் நான்கு செயல்கள். நான்குக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டால், படித்தவனுக்கும் படியாதவனுக்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது.

ஆங்கிலமும் இத்தகைய இடர்ப்பாட்டுக்கு விலக்கன்று. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றுவது. அதன் முதலில் உள்ள 'இன்' என்பதை எதிர்மறை எனக் கொண்டு, தீப்பற்றாதது என்று பொருள் செய்துகொள்ள இடமுண்டு. அதனால் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தினர் 1920களிலேயே, 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுக என்று வலியுறுத்தத் தொடங்கினர். இந்நகரின் சாலைகளில் செல்லும் லாரிகளிலோ பழைய சொல்லே இன்னும் காணப்படுகிறது. பக்கத்தில் 'ஜ்வலன்ஷீல்' என்னும் இந்திச் சொல்லும் இருக்கும். 'தீப்பற்றும்' என்னும் நம் தமிழ்ச்சொல் இரண்டினும் தெளிவானது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

மொழியால் வரும் குழப்பத்துக்கு அஞ்சித்தான் உலக நாடுகள் எண்களை ஏற்படுத்தின. 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின், 1005 அம்மோனியா. கவிழ்ந்த லாரியின் பக்கத்துப் பலகையில் உள்ள இவ்வெண்ணைத் தீயணைப்புப் படையினரிடம் தொலைபேசியில் சொன்னால், எதனைக் கொண்டுவர வேண்டும் என்பதை அவர்கள் அறிந்துகொள்வர். இத்தகைய வண்டியை ஓட்டுபவர் ஆங்கிலத்தையும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றையேனும் எழுதப் படிக்க அறிந்திருத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. ஓட்டுநர் படித்துவிடுவார், சரி. வண்டி கவிழ்ந்த இடத்தில் குடத்தோடும் வாளியோடும் ஓடிவரும் ஊரார் எதனைப் படிப்பர்?

ஊரார் படிக்க ஒன்றும் இல்லாதிருந்த இரவு ஒன்றை நாடு கண்டது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையினின்று ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறிற்று. உடனடியாக மாண்டோர் 2,259 பேர் என்பது அரசு முதலில் தந்த கணக்கு. பின்னர் வந்த கணக்குகள் அதனினும் பெரியவை. அவ்வாவி காற்றினும் கனமானது. தாழ்ந்து தவழ்ந்து, வேலிக்கு வெளியே இருந்த குடிசைகளுள் புகுந்தது. மக்கள் மூச்சிரைக்க ஓடினர். ஓட ஓட மேலும் மிகுதியாக நஞ்சை உள்ளிழுத்தனர். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே விலகியிருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும். ஆலைக்கு அருகே பல்லாண்டு வாழ்ந்தவர்க்கு அதனைச் சொல்வார் இல்லை. மருத்துவமனையில் குவிந்த ஆயிரக்கணக்கானோரை எதிர்கொண்ட மருத்துவர்களுக்கும், வந்தது எந்த வாயு, அதற்கு மாற்று என்ன என்பது தெளிவாகத் தெரியவில்லை. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேடும் நிலை.

அதன் பின்னரே 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆலையில் உள்ள இடர்களையும் தற்காக்கும் முறைகளையும் தொழிலாளர்க்கு மட்டுமன்றி அண்டை வாழும் பொதுமக்களுக்கும் அறிவித்தல் உரிமையாளரின் கடமை என்று எழுதப்பட்டது. எந்த மொழியில் அறிவித்தால் அண்டை வீட்டார்க்கு விளங்கும் என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. அவ்வாலையின் வளாகத்திற் கிடந்த 337 டன் கழிவு 2025ஆம் ஆண்டில்தான் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கியதை நாம் செய்தித்தாளில் படித்தோம். நாற்பது ஆண்டு ஒன்றும் சொல்லப்படாதிருந்த மக்கள், சொன்ன பிறகும் நம்பவில்லை என்றால் அவர்களை எங்ஙனம் குறை கூறுவது?

போபால் தொலைவில் உள்ளது என்று எண்ண வேண்டா. நாம் வாழும் இத்தில்லியிலேயே, மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில், 2010ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறோம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் நெடுநாள் பயன்படாது கிடந்த ஆய்வுக்கருவி ஒன்று அவ்வாண்டு பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. விற்றவர்களின் கணக்கில் அது பழைய பொருள். வாங்கியவர் கணக்கில் எடைக்குப் போடும் உலோகம். அதனுள் இருந்ததோ கோபால்ட்-60. ஈயக் கவசத்தை உடைத்துத் துண்டுகளைக் கையாண்டவர்கள் நோயுற்றனர். ஒருவர் சிறு துண்டு ஒன்றைத் தம் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஏப்ரல் மாதத்தில் ஓர் உயிர் போயிற்று. கழிவு என்னும் சொல், பழைய இரும்பு என்னும் சொல், இவையிரண்டும் ஒரு கொடிய பொருளின் மெய்ப்பெயரை எவ்வளவு எளிதாக மறைத்துவிடுகின்றன!

மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னம் 1946இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அறிந்தவர்க்கு அது போதும். அறியாதவர் கண்ணுக்கோ அது மின்விசிறி, அல்லது பூ. இதனை உணர்ந்த பன்னாட்டு அணுசக்தி முகமை, இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் பொதுமக்களிடம் காட்டிச் சோதித்து, 2007இல் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. செந்நிறத்தில், மேலிருந்து கதிர்கள் பாய, ஒருபுறம் மண்டை ஓடு, மறுபுறம் ஓடும் மனிதன். கருவியைப் பிரிக்கத் தொடங்குபவன் கண்ணில் படும்படி உள்ளே அதனைப் பதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தே அறியாதவனுக்கும் அது 'ஓடு' என்று கூறுகிறது. நம் கலைச்சொல் அறிஞர்கள் கற்க வேண்டிய பாடம் அச்சித்திரத்தில் இருக்கிறது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நஞ்சை நாம் மருந்து என்கிறோம்! பூச்சிமருந்து, எலிமருந்து, கொசுமருந்து. இந்தியிலும் அதே 'தவா'தான். பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் சாய்சதுரம் ஒன்றில் நிறம் தீட்டியிருக்கும்: மிகக் கொடியதற்குச் சிவப்பு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சின் படிகளுள் ஒன்றே. பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைத் தேடிச் சைவம் என்று தேர்ந்து பழகிய நம் தாய்மார்கள், இங்கும் பச்சையைக் கண்டு தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

குளியலறை கழுவும் திராவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதனைத் திராவகம் என்பார். பள்ளிப்பிள்ளை அமிலம் என்னும். நாம் ஆசிட் என்கிறோம். வேலைக்கு வரும் அம்மாள் தேஜாப் என்கிறார். நான்கு பெயர் வழங்கும் அப்பொருள் பெரும்பாலும் பெயரே எழுதப்படாத பழைய குடிநீர்ப் புட்டியில் இருக்கிறது. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும் என்பது வேதியியல் படித்த நமக்குத் தெரியும். கலக்கும் கைக்குத் தெரியாது. அமில விற்பனைக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது; வாங்குவோர் பெயரைக் கடையில் பதிய வேண்டும். வீட்டுக்குள் வந்த பின் புட்டிக்கும் பெயர் பதியலாமல்லவா?

நம் சங்கத் தமிழ் வகுப்பு மாணவர்கள் இவ்வாண்டு, வீட்டிலுள்ள புட்டிகளுக்குத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தாள் எழுதி ஒவ்வோர் இல்லத்துக்கும் தர வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதிலும் ஒரு சொற்சிக்கல் உண்டு. திராவகம் போன்றவற்றைப் பாடநூல் 'அரிக்கும் பொருள்' என்று சொல்கிறது. உலோகத்துக்கு அது பொருந்தும். வீட்டில் அரிப்பு என்றால் தோல் தினவுதான்; சொறிந்தால் தீர்ந்தது என்று எண்ணுவர். 'பட்டால் தோல் வெந்துபோகும். உடனே நீர் ஊற்றிக் கழுவுக' என்று நீளமாகவே எழுதட்டும். கலைச்சொல்லின் அழகு குன்றினும் குற்றமில்லை. எழுதுமுன், தத்தம் வீட்டில் வேலை செய்பவரிடம் சென்று, அந்தப் புட்டியை அவர் என்ன பெயரிட்டு அழைக்கிறார், எதனோடு கலக்கிறார், எங்கே வைக்கிறார் என்று கேட்டு வரட்டும். இந்தித் தாளில் எழுத வேண்டிய பெயர் அதுவே.