கரை இருந்தால்தான் காவிரி



மக்களாட்சியைக் காப்பது மக்கள் தீர்ப்புதான் என்று எதிரணி நண்பர் முழங்கினார். நீதிமன்றத் தீர்ப்புதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். வந்த ஊரும் எனக்கு வசதியான ஊர்! (சிரிப்பு) பக்கத்திலேயே உறையூர். 'நீ முறையோடு ஆள்வது உனக்கொன்றும் தனிப்புகழ் இல்லை. உறந்தை அவையிலே அறம் எப்போதும் நிற்கிறதே' என்று சோழனைப் பார்த்துச் சொல்கிறார் மாறோக்கத்து நப்பசலையார், புறநானூற்றிலே. என்ன பொருள்? நீதி என்பது ராஜா போடுகிற பிச்சை இல்லை. ராஜாவுக்கும் மேலே அது நிற்கிறது. இதைத்தான் இன்றைக்குச் சட்டத்தின் ஆட்சி என்கிறோம். (கைதட்டல்)

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். 2014 செப்டம்பர் 27. பெங்களூரு தனி நீதிமன்றம் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கு நான்கு ஆண்டு சிறை விதித்தது. எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் அவர்தான். பதவி போயிற்று, தொகுதி காலி. மறுநாள் எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கிற அம்மா கேட்டார்: "ஐயா, ஓட்டுப் போட்டு அனுப்புனது நாங்க. எங்களைக் கேக்காமலே எடுத்துட்டாங்களே, இது நியாயமா?" டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு உடனே பதில் வரவில்லை! (சிரிப்பு)

யோசித்துப் பார்த்தேன். தண்டனை பெற்ற சாதாரண ஆள் தேர்தலிலே நிற்க முடியாது. ஆனால் பதவியில் இருப்பவர் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடிகிறவரை நாற்காலியிலேயே இருக்கலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஒரே குற்றம், இரண்டு நியாயம்! அப்படிச் சலுகை தர நாடாளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்று 2013 ஜூலை 10 அன்று, லில்லி தாமஸ் வழக்கிலே, உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

சரி, நீதிமன்றம் எங்களுக்குப் புது எம்.எல்.ஏ.வை நியமித்ததா? இல்லையே! நாற்காலி காலி என்றுதான் சட்டம் சொன்னது. யார் உட்கார வேண்டும் என்று மறுபடியும் அந்தப் பூக்கார அம்மாவைத்தான் கேட்டார்கள். 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல். அதே கட்சியைத்தான் மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். நீதிமன்றம் கோபித்துக்கொண்டதா? (கைதட்டல்)

நீதிமன்றம் தவறே செய்யாதா? செய்யும். அதே வழக்கில் 2015 மே மாதம் உயர்நீதிமன்றம் விடுதலை என்றது. 2017இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. அதற்குள் அவர் மறைந்துவிட்டார். 1976இல், நெருக்கடி நிலையிலே, சிறைப்பட்டவன் நீதிமன்றக் கதவைத் தட்டவே முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் கைவிரித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஆண்டு நாட்டைத் திருத்தியது மக்கள் ஓட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017இல் எழுதியதும் அதே உச்சநீதிமன்றம்தான். தன் தவறைத் தானே எழுதித் திருத்திய ஆட்சியாளரை எனக்குக் காட்டுங்கள்!

நடுவர் அவர்களே, ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். தண்ணீர் மக்கள் சக்தி. அதைக் கரை உண்டாக்குவதில்லை. ஆனால் கரை உடைந்தால் முதலில் முழுகுவது பூக்கார அம்மா வீடுதான். அந்தக் கரைக்குப் பெயர்தான் நீதிமன்றம் என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.