ராஜா வந்தா மட்டும் ஓடின தண்ணி

போன ரெண்டு எபிசோடும் இன்டர்வியூ, சம்பளம்னே போச்சு. இன்னைக்கு அதெல்லாம் இல்ல. பாரிஸ் பக்கத்துல இருக்கிற வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போன கதை. அதைவிட முக்கியமா, அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி வந்த கதை.

முதல்லயே சொல்லிடறேன், நாங்க அரண்மனைக்குள்ள போகவே இல்ல. "கண்ணாடி மண்டபம் பாக்காமலா வந்த?"ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஆமா, பாக்கல. அப்பாவுக்கு முழங்கால் வலி. க்யூவுல நின்னு, அப்புறம் கூட்டத்தோட அறை அறையா நகர்றது அவருக்கு ஒத்து வராது. தோட்டத்துல பெஞ்ச் இருக்கு, நிழல் இருக்கு, யாரும் பின்னாடி இருந்து தள்ள மாட்டாங்க. வயசான அப்பா அம்மாவோட போறவங்க ஒரு நாள் முழுக்கத் தோட்டத்துக்கே குடுங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் தோட்டம் இலவசம், ஆனா நீரூற்று ஓடாது. கோடையில சனி, ஞாயிறு டிக்கெட் எடுத்துப் போனா ஓடும். நாங்க போனது ஒரு சனிக்கிழமை.

அரண்மனைக்குப் பின்னாடி மேடையில நின்னு பாத்தா, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி எல்லாம் நேரா இருக்கும். பதினாலாம் லூயி மன்னருக்காக 1661 வாக்குல வேலையை ஆரம்பிச்சவர் ஆந்த்ரே லெ நோத்ரு. தோட்டக்காரக் குடும்பத்துல பொறந்தவர். இந்த ஆள் கண்ணை நல்லா ஏமாத்துவார். தூரத்துல இருக்கிற குளங்களைப் பெருசாவும் நீளமாவும் வெட்டியிருக்கார், அதனால அதெல்லாம் பக்கத்துல இருக்கிற மாதிரியே தெரியும். அப்பா மேடையில நின்னு, "அந்தக் கால்வாய் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்டா, இங்கதானே இருக்கு"ன்னார். அந்தக் கால்வாய் மட்டுமே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல நீளம். போகும்போது மெதுவா நடந்தோம், திரும்பி வர்றதுக்கு அங்க ஓடுற குட்டி ட்ரெயின்.

இறங்கின உடனே வர்றது லடோனா நீரூற்று. கதை தெரியாம பாத்தா வெறும் தங்கத் தவளைங்கதான். கிரேக்க புராணத்துல லடோனா ரெண்டு கைக்குழந்தைகளோட தாகத்துல ஒரு குளத்துக்கு வர்றா. ஊர்க்காரங்க குடிக்க விடாம குளத்தைக் கலக்கிச் சேறாக்குறாங்க. அவ சாபத்துல எல்லாரும் தவளையாகிடறாங்க. சிலையில சில பேர் பாதி மனுஷன், பாதி தவளை. அம்மா பேரப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி தனக்குள்ளயே ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டு, "சரியான தண்டனை"ன்னாங்க. எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணி. குடத்தை வரிசையில வெச்சு வளர்ந்த வீடு எங்களோடது.

வேடிக்கை என்னன்னா, தண்ணி கிடைக்காத ஒரு பொண்ணை நடுவுல வெச்ச இந்தத் தோட்டத்துக்கே தண்ணி கிடையாது. வெர்சாய் மேடான இடம், பக்கத்துல பெரிய ஆறு இல்ல. மன்னருக்கோ ஆயிரத்துக்கும் மேல நீர்த்தாரைகள். சும்மா விடுவாரா? செய்ன் ஆத்துல மார்லிங்கிற இடத்துல ஒரு ராட்சச இயந்திரம் வெச்சாங்க. 1684-ல ஓட ஆரம்பிச்சது. 14 பெரிய மரச் சக்கரம், இருநூறுக்கும் மேல பம்பு, ஆத்துத் தண்ணியை 150 மீட்டருக்கும் மேல ஏத்தணும். மின்சாரம் இல்லாத காலத்துல! அப்பவும் பத்தல.

அடுத்த திட்டம் இன்னும் பெருசு. யூர்னு ஒரு ஆத்தை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் கால்வாய் வெட்டிக் கொண்டு வரலாம்னு 1685-ல ஆரம்பிச்சாங்க. ராணுவத்தையே மண் வெட்ட இறக்கினாங்க, பல்லாயிரம் சிப்பாய்ங்க. சதுப்புக் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தா செத்தாங்க. 1688-ல போர் வந்ததும் வேலை நின்னு போச்சு. யூர் தண்ணி ஒரு சொட்டுகூட வெர்சாய்க்கு வந்து சேரல. மான்தெனோன் அரண்மனைத் தோட்டத்துல அந்தப் பாலத்தோட வளைவுகள் இன்னைக்கும் பாதியில நிக்குது.

சரி, தண்ணி பத்தல, மன்னர் முன்னாடி நீரூற்று நிக்கவும் கூடாது. என்ன பண்ணுவீங்க? இங்கதான் எனக்குள்ள இருக்கிற எஞ்சினியர் எழுந்து உக்காந்தான். மன்னர் பக்கத்துல வரும்போது தோட்டத்து ஆளுங்க விசில் அடிப்பாங்க. அடுத்தவன் வால்வைத் திறப்பான். அவர் தாண்டிப் போனதும் மூடிடுவான். நம்ம பாஷையில சொன்னா லேஸி லோடிங். பயனர் ஸ்க்ரோல் பண்ற இடத்துல மட்டும் படம் வரும், மத்த இடத்துல ஒண்ணுமே இருக்காது. இதுல இன்னொண்ணு. தோட்டத்தை எப்படிச் சுத்திப் பாக்கணும், எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு லூயியே ஒரு வழிகாட்டி எழுதியிருக்கார், 1689-ல. எல்லாரும் அழகைக் காட்டத்தான் எழுதினார்னு சொல்றாங்க. என் சந்தேகம் வேற: யார் எந்த வழியில வருவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா, எந்த வால்வை எப்பத் திறக்கணும்னு திட்டம் போடறது சுலபம்.

அம்மா கேட்டாங்க, "அப்போ ராஜா சட்டுனு திரும்பிப் பாத்திருந்தா?"

அப்பா சொன்னார், "ராஜா எதுக்குத் திரும்பிப் பாக்கப் போறார்?"

எனக்கு அந்த டிசைனைப் பாத்து மரியாதையும் வருது, எரிச்சலும் வருது. தண்ணியே தட்டுப்பாடுங்கிறதை ஒரே ஒரு ஆள் கண்ணுல படாம மறைக்கிறதுக்கு அவ்வளவு மூளை, அவ்வளவு ஓட்டம். அந்த ஆள் கண்ணுல அது பட்டிருந்தா, யூர் கால்வாய்க்கு அத்தனை பேரை அனுப்பியிருப்பாரா, இல்ல இன்னும் அதிகமா அனுப்பியிருப்பாரா? எனக்கென்னவோ ரெண்டாவதுதான் தோணுது.

இன்னைக்கும் அந்த நீரூற்றுகளைக் கையாலதான் திறக்கிறாங்க. தரைக்கடியில அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்ங்க நிறைய இன்னும் இருக்கு. நீளமான இரும்புச் சாவியைத் தரையில சொருகித் திருப்புறார் ஒருத்தர். அம்மா என் கையைத் தட்டி, "நம்ம தெருவுல தண்ணி திறந்து விடுறவர்டா!"ன்னாங்க. அதே டி மாதிரி சாவி, அதே குனியல். எங்க ஊர்ல அவர் சைக்கிள்ல வர்றதைப் பாத்துட்டு குடத்தைத் தூக்கிட்டு ஓடுவோம். இங்க எல்லாரும் போனைத் தூக்குறாங்க. தண்ணி மேல எழும்பினதும் அம்மாவோட அடுத்த கேள்வி, இவ்வளவும் வீணாத்தானே போகுது? இல்லம்மா, கால்வாய்க்கு இறங்கிப் போய், அங்க இருந்து பம்பு பண்ணி மறுபடி மேல வருதுன்னு சொன்ன பிறகுதான் நிம்மதியா உக்காந்து பாத்தாங்க. அரை மணி நேரம். நான் எழுப்பல.

கட்டுச்சோறு கொண்டு போறவங்களுக்கு ஒரு தகவல். தோட்டத்துக்குள்ள விரிச்சு உக்காந்து சாப்பிட விட மாட்டாங்க. வெளிய, சுவிஸ் குளம்னு பெருசா ஒண்ணு இருக்கு. அந்தக் கரையில காசு கிடையாது, உக்காந்து சாப்பிடலாம். எங்களுக்குப் புளி சாதமும் சிப்ஸும். அப்பா சாப்பிட்ட கையோட மரத்தடியில சாய்ஞ்சு தூங்கிட்டார்.

ஏன் சுவிஸ் குளம்னு பேருன்னு அம்மா கேட்டாங்க. மன்னரோட சுவிஸ் காவல் படைதான் தோண்டுச்சுன்னேன்.

"இதையும் சிப்பாய்ங்கதானா?"

"இதையும்தான்மா."

மிச்சம் இருந்த சிப்ஸை என் பக்கம் தள்ளிட்டு, அந்தத் தண்ணியையே பாத்துட்டு இருந்தாங்க.