திறந்த முடிவும் மூடிய வாக்கும்

கட்டற்ற மென்பொருள் என்பது மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை தருவது. அவ்வுரிமையைப் போற்றுவோர் தங்கள் கொள்கை முடிவுகளையும் அவ்வாறே திறந்து வைக்கிறார்களா என்னும் கேள்வியை, இன்று பட்டம் பெறுவோர் தாம் சேரும் ஒவ்வொரு குழுவிலும் எதிர்கொள்வர். அக்கேள்விக்கு நெடுங்காலம் உழைத்து விடை கண்டது, 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளத் திட்டம். பயனர்களுக்கு அளித்த எழுத்து வாக்குறுதியாக அது 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தம், சிக்கல்களை மறைப்பதில்லை என்று உறுதி கூறி, வழுப் பதிவேடு முழுவதையும் பொதுப்பார்வைக்கு வைத்தது.

அங்கே ஓர் உறுப்பினர் முன்மொழிந்து வேறு ஐவர் வழிமொழிந்தால், அது அனைவரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானமாகிறது. விவாதத்தில் எழும் மாற்று முன்மொழிவுகளும் அதே வாக்குச்சீட்டில் ஏற, வாக்காளர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல் 1, 2, 3 என விருப்ப வரிசை இடுகிறார். தோற்ற முன்மொழிவும் அழிக்கப்படுவதில்லை என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. பத்தாண்டு கழித்து வரும் புதியவரும் எது, எதனிடம், எத்தனை வாக்கில் தோற்றது என்று எடுத்துப் பார்க்கலாம்.

எனினும் திறந்த தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. 2021இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குறித்த தீர்மானத்தின்போது, பெயரும் விருப்ப வரிசையும் வெளியாகும் என்பதால் வாக்களிக்கத் தயக்கமாக உள்ளதாக உறுப்பினர் சிலர் கூறினர். அடுத்த ஆண்டே, தலைவர் தேர்தலில் முன்பே இருந்த மறைவாக்கு முறை எல்லாத் தீர்மானங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது வெளியாகும் வாக்குப் பட்டியலில், பெயர் இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் நிற்கிறது. வாக்களித்தவர் தமக்கு மட்டும் வந்த இரகசியக் குறியால் தம் வரியை அடையாளம் காண்கிறார், பிறர் மொத்த எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார்கள். இதைப் பின்வாங்கல் என்பது பொருந்தாது. கணக்கு வெளிச்சத்தில் இருக்க, அச்சமின்றி வாக்களிக்கும் உரிமை மட்டுமே காக்கப்பட்டது.

அதே 2022இல், வன்பொருளை இயக்கும் சிறு நிரலாகிய நிலைபொருள், கட்டற்றதாக இல்லாவிடினும், டெபியனைக் கணினியில் பதிக்கும் நிறுவியில் இடம்பெறலாமா என்று வாக்கெடுக்கப்பட்டது. சமூக ஒப்பந்தத்தையே திருத்துவதற்கு வேண்டிய மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையோடு ஒப்புதல் கிடைத்து, 2023இன் டெபியன் 12 அவ்வாறே வெளிவந்தது. அத்தகைய நிறுவி டெபியனின் பகுதியே அல்ல என்று வாதிட்ட முன்மொழிவும் அதே பதிவில் முழுமையாக இருக்கிறது.