ஜூரா மலைநாட்டுப் பால் சங்கங்கள்



பிரான்சு தேசத்திற்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் நடுவே ஜூரா என்னும் மலைத்தொடர் உளது. பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலானது. உயர்ந்த சிகரமும் 1,720 மீட்டரே. பூமியின் சரித்திரத்தில் 'ஜுராஸிக்' காலத்திற்குப் பெயரளித்ததும் இதுவே. இம்மலையின் பெயரால் பிரான்சு 1790-ல் ஒரு ஜில்லாவை வகுத்தது. ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரா மாகாணமோ 1979-ல்தான் ஏற்பட்டது.

சங்கத்தாருக்கு அம்மலையின் கல்லைக் காட்டிலும் பாலே முக்கியமானது. அங்கே குளிர்காலம் நீண்டது. கோடையில் சுரக்கும் பாலை அக்காலத்திற்குக் காப்பாற்ற வேண்டுமாயின் பெரிய பாலடைக்கட்டியாக்கி வைத்தலே உபாயம். சிறு கட்டி விரைவில் உலர்ந்துவிடும். இப்பொழுது செய்யப்பெறும் 'கோந்தே' என்னும் கட்டி சுமார் 40 கிலோ எடையுள்ளது. அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் வேண்டும். சில பசுக்களே உடைய குடியானவனுக்கு ஒரு நாளில் அவ்வளவு பால் எங்ஙனம் கிட்டும்? ஆகவே அயலார் அனைவரும் தம் பாலை ஒரே செப்புக் கொப்பரையில் வார்த்தனர். இவ்வேற்பாடு 13-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களிலேயே காணப்படுகிறது. இச்சங்கத்திற்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'ஃப்ரூயித்தியேர்' என்பதாம்.

பழைய முறையில் ஒவ்வொரு வீட்டாரும் கொடுத்த பால் கணக்கில் ஏறும். யார் கணக்கில் வரவு மிகுந்திருக்கிறதோ, அன்று செய்த கட்டி அவருக்குரியது. அதற்குரிய பால் அவர் கணக்கில் கழிக்கப்படும். முறை வராதவர் காத்திருப்பார். இதில் ஓர் அபாயம் உண்டு. ஒருவர் பாலில் நீர் கலந்தாலும், பாத்திரத்தைக் கழுவாது கொணர்ந்தாலும், கெடுவது அவருடைய பங்கு மாத்திரமன்று. கொப்பரை முழுதுமே கெடும். அன்று கட்டி பெறவேண்டியவர் வேறொருவராயிருப்பின், தவறு ஒருவருடையது, நஷ்டம் மற்றொருவருடையது. கலப்படக்காரரைச் சங்கத்தினின்று நீக்குதல் கொடுமையென்று தோன்றலாம். கொப்பரை ஒன்றாயிருக்கும்போது வேறு வழி யாது?

பிற்காலத்தில் கட்டிகளைச் சங்கமே விற்று, பாலின் அளவுக்கேற்பப் பணத்தைப் பகிரலாயிற்று. 1958-ல் கோந்தே என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பால் காய்ச்சாததாயிருத்தல் வேண்டும். 25 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் சேகரித்ததாயிருத்தல் வேண்டும். பசுக்களுக்குப் புளிக்கவைத்த தீவனம் கூடாது. கட்டி குறைந்தது 120 நாட்கள் நிலவறையில் மரப்பலகைமீது முதிர்தல் வேண்டும். அதன் பின்னர் 20 மதிப்பெண்களுக்குப் பரீட்சை நடைபெறும். 12-க்குக் குறைந்த கட்டிக்கு அப்பெயர் கிடையாது.