கூட்டத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?

(டிவிசன் குடிநீர்த் திட்ட ஆரம்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

நம்ம லயங்களுக்குப் பைப் தண்ணி கொண்டுவரப் போகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வி. இந்தத் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவர்கள் யார் யார்? துரை, தலைவர், கணக்குப்பிள்ளை என்று நாலு பேரைக் கூப்பிட்டால் போதுமா? போதாது.

ஊற்றிலிருந்து கீழே நடந்து வந்து பார்ப்போம். ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் போட்டிருப்பவர் அடிக்கிற மருந்து, மழையில் கரைந்து நம்ம குடத்துக்குத்தான் வரும். அவரைக் கூப்பிட வேண்டும். பைப் போகிற மலை நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகவே துரையின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். ஓடைக்குக் கீழே உள்ள கிராமத்தாரின் வயலுக்கும் இதே தண்ணிதான். சொல்லாமல் மறித்தால் சண்டை வரும். முன்கூட்டியே பேசினால் ஊற்றைக் காக்க அவர்களும் வருவார்கள்.

இனி லயத்துக்கு வருவோம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து குடம் தூக்குவது பெண்கள்தானே? பைப் எங்கே வைப்பது என்று அவர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? பகலில் கூட்டம் வைத்தால் அவர்கள் மலையில் நிற்பார்கள். ஆகவே வேலை விட்ட பிறகு வைப்போம். கீழ் லயத்தில் எல்லாப் பைப்பும் திறந்திருந்தால் மேட்டு லயத்துக்குத் தண்ணி ஏறாது. மேட்டு லயத்துக்காரர் வராவிட்டால் இதை யார் சொல்வது? செக்ரோலில் பேர் இல்லாத பெரியவர்களும் இதே தண்ணியைத்தான் குடிக்கிறார்கள். அவர்களையும் விடக்கூடாது.

தண்ணீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைப்போம். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் முன்பு கையை விரித்தன. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு வழி பிறந்தது. ஆகவே நம்ம வோட்டு வாங்கிய உறுப்பினரும் வரட்டும்.

கையெழுத்து வாங்க மட்டும் ஆட்களைக் கூப்பிடக்கூடாது. திட்டம் முடிவாகுமுன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு பொறுப்பும் கொடுக்க வேண்டும். தொட்டி கழுவுவது யார், உடைந்த பைப்புக்குக் காசு சேர்ப்பது யார் என்பதை இப்போதே பேசி முடிக்காவிட்டால், திறப்புவிழா முடிந்த கையோடு மறுபடியும் பீலிக்கரைக்குத்தான் குடத்தைத் தூக்க வேண்டிவரும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இன்றைக்கு இங்கே இல்லாத ஒருவரை ஒவ்வொருவரும் கையோடு கூட்டி வாருங்கள்.