திரைக்குப் பின்புறம் உட்கார்ந்தவர்கள்

இன்று பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே,

காலையில் இங்கே வரும் வழியில் வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொன்னேன். இன்று பெஸ்தாரி ஜெயா என்கிறீர்கள். எங்கள் காலத்தில் இது பத்தாங் பெர்ஜுந்தை. சாலையின் இரு பக்கமும் செம்பனை. இந்த வட்டாரத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். நட்டது செம்பனை, தோட்டத்தின் பெயரோ தென்னமரம். அந்தப் பெயர் மட்டும் தமிழில் நின்றுவிட்டது. ஃபோகோனியே பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றார். அவர் பெயர் நூலகங்களில் இருக்கிறது. குழி தோண்டிக் கன்று வைத்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது நான் இதுவரை எங்கும் படித்ததில்லை. வண்டியை நிறுத்தியது அதை நினைத்துத்தான்.

இங்கிருந்து சில மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டினார். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்துத் திடலில் படம் போடுவார்கள். இரண்டு கழிகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள், வேனிலிருந்து புரொஜெக்டர் இறங்கும். முன்வரிசை நாற்காலிகள் கிராணி வீட்டாருக்கு. அதற்குப் பின்னால் பாய் விரித்தவர்கள். இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்புறம் போய் உட்காருவோம். அங்கிருந்தும் படம் தெரியும், இடமும் வலமும் மாறித் தெரியும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். படத்தின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வந்து படிப்போம். அம்மாவும் எங்களோடு பின்பக்கம் வந்துவிடுவார். விடியற்காலையில் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? தலை சாய்க்க அந்த இடம்தான் வசதி. "சண்ட வந்தா எழுப்புடா சாமி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். நான் ஒருநாளும் எழுப்பியதில்லை.

அந்தத் துணியின் பின்புறத்திலிருந்து கிளம்பித்தான் தொலைக்காட்சியில் கேமரா தூக்கப் போனேன். ஆனால் இன்று உங்களிடம் பேச நினைத்தது வேறொருவரைப் பற்றி. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழி என்ற ஊரில் 1939-இல் பிறந்தவர். உங்களில் பலருக்கு 'மூன்றாம் பிறை' எடுத்தவர் என்று சொன்னால் தெரியும். பாலு மகேந்திரா.

அவரே பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில், களனி ஆற்றங்கரையில், ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். டேவிட் லீன். படம், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. லீன் "மழை" என்று உரக்கச் சொல்ல, உடனே மழை கொட்டுகிறது. ஒரு மனிதன் சொன்னால் மழை பெய்யுமா! நானும் ஒருநாள் மழை வரவழைப்பேன் என்று அந்தப் பையன் மனத்தில் எழுதிக்கொண்டான்.

இந்தச் சம்பவத்தை நான் முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அந்தப் படம் எதைப் பற்றியது? சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. ஜப்பானியர்கள் 1942-லும் 1943-லும் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அந்த வேலைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பகுதி தமிழர்கள், தோட்டத்து ஆட்கள். என் தாத்தாவின் அண்ணனும் போனார். லாரியில் ஏற்றும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையசைத்தாராம். அதோடு சரி. வாந்திபேதியா, மலேரியாவா, அடியா, பசியா, சொல்ல ஆளில்லை. பாட்டி சாகும்வரை அவருக்கும் சேர்த்துத்தான் தீபாவளிக்குப் படையல் போட்டார்.

உலகமெல்லாம் ஓடிய அந்தப் படத்தில் பிரிட்டிஷ் போர்க் கைதிகள் சீழ்க்கை அடித்துக்கொண்டு அணிவகுத்து வருகிறார்கள். அவர்கள் பட்ட துன்பமும் துன்பம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதை அவர்களுடையது மட்டுமே. என் பெரிய தாத்தாவுக்கு அந்தச் சட்டத்துக்குள் இடமில்லை. அவரைத் தேடியவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இந்த இரண்டையும் படிக்காமல் இந்த மாவட்டத்தை விட்டு யாரும் வேலைக்குப் போய்விடாதீர்கள். இதை ஒரு வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

அந்த மழையில் நனைந்த பையன் பிற்பாடு என்ன ஆனான்? நேரே இயக்குநர் நாற்காலிக்குப் போய்விடவில்லை. கொழும்பில் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைந்தார், வானொலி நாடகத்தில் குரல் கொடுத்தார், இலக்கியப் பத்திரிகை நடத்தினார். பூனா திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்காமல் ஒளிப்பதிவுதான் அமைந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார். 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அவர் கல்லூரியில் எடுத்த குறும்படத்தைப் பார்த்துவிட்டு, 'செம்மீன்' எடுத்த ராமு காரியாட் தன் 'நெல்லு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய அழைத்தார். அதற்குக் கேரள அரசின் விருது. முதலில் இயக்கிய 'கோகிலா' கன்னடம், 1977. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' எல்லாம் இவர் கேமரா. ஒளிப்பதிவுக்கு இரண்டு முறை தேசிய விருது. மலையாளம், தெலுங்கு, இந்தி என்று மொழி மொழியாகப் போனார். 1995-இல் 'சதி லீலாவதி' என்று வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். பட்டியலை இதோடு விட்டுவிடுகிறேன். ஒரு படத்திடம் போய்க் கொஞ்சநேரம் உட்கார வேண்டும்.

'வீடு', 1988. சுதா என்று ஒரு பெண், அலுவலக வேலை, ஒரு தங்கை, ஒரு தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இருக்கும் நிலத்தில் ஒரு துண்டை விற்று, மற்றதில் சின்னதாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார், சிமென்ட் காணாமல் போகிறது, கடன் கேட்டுக் கேட்டுக் கால் தேய்கிறது. சிறுவயதில் தன் தாயார் ஒரு வீடு கட்டியபோது சிரிப்பு மறந்துபோய், சிடுசிடுப்பாக மாறியதைப் பார்த்தவர் பாலு மகேந்திரா. அந்தத் தாயைத்தான் படமாக எடுத்தார். படத்துக்காகச் செங்கல் வைத்து உண்மையாகவே ஒரு கட்டடம் எழுப்பினார்.

அதில் ஒரு நாள் தாத்தா தனியாகக் கிளம்பி அந்தப் பாதிக் கட்டடத்தைப் பார்க்கப் போவார். சொக்கலிங்க பாகவதர் நடித்தது. பூசாத சுவர், கதவில்லாத வாசல். கிழவர் ஒவ்வோர் அறையாக நடந்து பார்ப்பார். சொந்த வீட்டுக்குள் நடக்கிற நடை அது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. திரும்பி வரும் வழியில் இறந்துபோவார். 1990-களின் கடைசியில் எங்கள் தோட்டத்து லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தபோது, என் அம்மா அதே நடையைத்தான் நடந்தார். ஐம்பது வருஷம் இருந்த வீடு, ஒரு செங்கல்கூட அவருக்குச் சொந்தமில்லை. அடுப்படிக்குப் போய்ப் புகை படிந்த சுவரில் கை வைத்துவிட்டு வந்தார். கையைத் துடைக்கவில்லை.

அன்று நான் கேமராவோடு போயிருந்தேன். கடைசிப் பெரட்டு, கோயில் வேப்பமரம், ஆயாக்கொட்டகை, லயத்து வரிசை, அம்மா சுவரைத் தொட்டது, எல்லாம் பதிவு செய்தேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். டேப் பற்றாக்குறை என்று சொல்லி, அந்த நாடாவின்மேலேயே வேறொரு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. தொலைக்காட்சி என்றாலே இப்படித்தான், காற்றில் எழுதுகிற எழுத்து என்று வெறுத்துப்போனேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்த மனநிலையில் இருந்தபோதுதான் 'கதை நேரம்' பார்க்கக் கிடைத்தது. 'மூன்றாம் பிறை' எடுத்தவர் சன் டிவிக்காக வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையைக் குறும்படமாக எடுத்தார். மொத்தம் 52. சுஜாதா கதை, மாலன் கதை என்று நம் எழுத்தாளர்கள் எழுதியவை. ஒரு வீடு, இரண்டு மூன்று நடிகர்கள், ஜன்னலில் வரும் வெயில். அவ்வளவை வைத்துக்கொண்டு செய்தார். சினிமாவில் பெரிய விருதெல்லாம் வாங்கியவர் சின்னத்திரைக்கு வந்துவிட்டாரே என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1989-லேயே 'சந்தியா ராகம்' எடுத்தவர் அவர். முதுமையைப் பற்றிய அந்தப் படம் திரையரங்குக்கு வராமல் தூர்தர்ஷனில்தான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய திரை, சின்னத் திரை என்று அளவெடுக்கிற வழக்கமே அவரிடம் இல்லை என்பது என் எண்ணம். சட்டத்துக்குள் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் அவர் கவனமெல்லாம் இருந்தது. நான் வேலையை விடவில்லை.

கடைசியில் ஆசிரியரானார். சென்னையில் சினிமா பட்டறை நடத்தினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாம் அவரிடம் இருந்து வளர்ந்தவர்கள். எழுபது தாண்டிய வயதில், சிறிய டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்து 'தலைமுறைகள்' செய்தார். பேரனுக்குத் தமிழ் தெரியாது, தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தாத்தாவாக அவரே நடித்தார். எப்போதும் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறும் தலையோடு கேமரா முன்னால் வந்தார். படம் 2013 டிசம்பரில் வந்தது. 2014 பிப்ரவரி 13-இல் அவர் காலமானார். அந்தப் படத்துக்கான தேசிய விருது அறிவிப்பு ஏப்ரலில்தான் வந்தது.

ஆனால் இந்த மண்ணின் கதையை அவர் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அது நம் வேலை. நம்மவர்கள் தொடங்கியும் விட்டார்கள். தீபக் குமாரன் மேனன் 2005-இல் 'செம்மண் சாலை' எடுத்தார். 1960-களின் ரப்பர் தோட்டம், மேலே படிக்க ஏங்கும் ஒரு பெண். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறையின் பையனைக் காட்டியது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று அதற்கு விருது கொடுத்தார்கள். தமிழ் பேசும் படத்துக்கு! அன்று இரவு நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

உங்களில் எல்லாரும் படம் எடுக்கப் போவதில்லை. கணக்கர், தாதி, ஆசிரியர், வங்கி அதிகாரி என்று போவீர்கள். மருத்துவமனையில் ஒரு கிழவியின் அட்டையில் ஊர், தொழில் என்று எழுதும்போது "எஸ்டேட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன வேலை பார்த்தாய் பாட்டி என்றும் கேட்கலாம். கேட்க அரை நிமிடம் ஆகும்.

கோலா சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாததில்லை, கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போகிறவர்களிடம் ஃப்ளாஷ் போடாதீர்கள் என்பார்கள். பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கில் பூச்சிகள் சேர்ந்தாற்போல் மின்னி அணையும். நாம் வெளிச்சம் போட்டால் அந்த வெளிச்சம் தெரியாது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவை மாணவர்களுக்கு விளக்க நான் எத்தனையோ பாடம் நடத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர்களை அந்தப் படகில் ஏற்றிவிட்டேன். செயற்கை விளக்கைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம் வரும்வரை காத்திருப்பார். ஆற்றில் இருட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

நேரமாகிவிட்டது, பசி வந்திருக்கும். ஒரே ஒரு காரியம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சற்று நேரத்தில் வெளியே எல்லாரும் படம் எடுப்பீர்கள். மண்டபத்தின் மேற்கு வாசலில் ஐந்து மணிக்கு நல்ல வெயில் சாய்ந்து வரும், ஃப்ளாஷ் வேண்டாம், அங்கே நில்லுங்கள். உங்கள் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே ஓரமாக நகருவார், "நான் எதுக்குய்யா, நீங்க எடுங்க" என்பார். கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். எடுத்த படத்தின் பின்பக்கம் அவருடைய முழுப் பெயரையும், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும் எழுதிவையுங்கள்.